திரை போடாத நாற்காலி

"அங்க நல்லா பாத்துக்கினாங்களா?" என்று கேட்காத ஆள் எங்கள் தெருவில் இல்லை. காய்கறி வண்டிக்காரர்கூடக் கேட்டுவிட்டார். நானும் எல்லோருக்கும் "ம், பாத்துக்கினாங்க" என்று ஒரே பதிலைச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன். போன வாரம் சீனிவாசன் வந்தான். பைக் விபத்தில் அடிபட்ட தன் தம்பியை நான் இருந்த அதே மையத்தில் சேர்க்கப்போவதாகச் சொல்லி யோசனை கேட்டான். அவனிடம் அந்த 'ம்' வாயில் வரவில்லை. முழுவதையும் சொல்லவும் கூச்சம் விடவில்லை. எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் ஏகாம்பரம். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஐயம்பேட்டையில் வீடு, வீட்டுக்குள்ளேயே பட்டுத்தறி. பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றுபோனது. ஆனாலும் பேப்பர் படிக்காமல் காலை டீ இறங்காது. முன்கோபி என்று பெயர் வாங்கியவன், அதை நான் மறுத்ததும் இல்லை. மனைவி கற்பகம். ஒரே மகள் நித்யா, ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள்.

நோய் காலில் ஆரம்பித்தது. குழித்தறியில் உட்கார்கிறவனுக்குக் கால் மரத்துப்போவது ஒரு செய்தியே அல்ல. காலைக் குழிக்குள் தொங்கவிட்டு நாள் முழுக்க மிதித்துக்கொண்டிருப்போம். எழுந்து ரெண்டு உதறு உதறினால் சரியாகிவிடும். அந்த முறை உதறியும் போகவில்லை. அதற்கு முன்புதான் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டு வயிற்றுப்போக்கில் கிடந்து எழுந்திருந்தேன். உடம்பு அசதி என்று நினைத்துக்கொண்டேன். டாக்டரைப் பார்க்கலாம் என்றாள் கற்பகம்.

"தறியில உக்கார்றவனுக்குக் கால் மரக்காம கையா மரக்கும்?" என்று கேட்டு அவள் வாயை அடைத்தேன். மறுநாள் கையும் மரக்க ஆரம்பித்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

எங்கள் தெருவில் ஒரு முருகன் கோயில் இருக்கிறது. வருஷத்தில் சில நாள் சாமி புறப்பாடு. சாமி பல்லக்கின் முன்தண்டில் இடது தோள் என்னுடையது, எனக்கு முன்னால் என் அப்பாவுடையது. சாமி தூக்குவதில் ஒரு முறை உண்டு. தண்டுக்குக் கீழே எல்லோரும் தோளைக் கொடுத்து நின்றதும் முன்னால் நிற்கிற மூத்தவர் "ஆச்சா?" என்று குரல் கொடுப்பார். நாலு மூலையிலிருந்தும் "ஆச்சு" என்று பதில் வர வேண்டும். ஒருவன் சொல்லாவிட்டாலும் தண்டு தரையைவிட்டு எழும்பாது. இறக்கும்போதும் அதே கதைதான்.

அன்றைக்கு நானும் "ஆச்சு" என்று சொன்னவன்தான். தெரு முனையில் திரும்பும்போது இடது கால் மடிந்தது. தண்டு சாய்ந்து, சாமியின் மாலை சரிந்து, மற்றவர்கள் பல்லைக் கடித்துத் தாங்கிக்கொண்டார்கள். நான் ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். எழ முடியவில்லை.

"காலையிலயே ஊத்திக்கினு வந்துட்டான்பா" என்றது ஒரு குரல்.

குடித்ததே இல்லை என்று சொல்லமாட்டேன். சாமி தூக்கும் நாளில் தொட்டதில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன், நாக்கும் குழறியது. சொன்னவனை மற்றவர்கள் நம்புவதற்கு அது போதுமானதாக இருந்தது. என்னைத் தூக்கி ஆட்டோவில் போட்டபோது தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஆரம்பித்த வெட்கம் இது.

காஞ்சிபுரத்தில் பார்த்துவிட்டு உடனே சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு இளம் டாக்டரம்மா சின்னச் சுத்தியலால் என் முழங்காலில் தட்டினார். கால் துள்ளவில்லை. மறு காலில் தட்டினார். அதுவும் சும்மா கிடந்தது. அவர் முகம் மாறியதைக் கற்பகம் பார்த்துவிட்டாள். பிறகு நரம்புக்குக் கரண்ட் வைத்துப் பார்த்தார்கள். எறும்பு கடிப்பது மாதிரி சுருக் சுருக்கென்று இருக்கும், உயிர் போகாது. முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். குழந்தை மாதிரிச் சுருண்டு படுக்கச் சொல்லி நர்ஸ் என் தலையைப் பிடித்துக்கொண்டார்.

நோயின் பெயர் கில்லன் பாரே என்றார்கள். ஜி.பி.எஸ். என்றும் சொல்கிறார்கள். வயிற்றுக்கு வந்த கிருமியோடு சண்டை போடப் புறப்பட்ட நம் உடம்பின் காவல்படை, ஆள் தெரியாமல் நம் நரம்பையே அடித்துவிடுகிறதாம். நரம்புக்கு மேலே இருக்கும் உறை உரிந்துபோகிறது. கரண்ட் ஒயரை வைத்து டாக்டரம்மா விளக்கினார். எனக்குச் சரிகைதான் ஞாபகம் வந்தது. நடுவே பட்டு நூல், மேலே வெள்ளிச் சுற்று. சுற்று உரிந்தால் நூல் இருக்கும், சரிகை இருக்காது.

கால், கை, அதற்கப்புறம் மூச்சு என்று இது மேலே ஏறும். அதனால் தினமும் ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் எண்ண முடிகிறது என்று பார்த்தார்கள். நான் எண்ணும்போது கற்பகம் பக்கத்தில் நின்று சத்தமில்லாமல் உதட்டை அசைப்பாள். நான் எந்த எண்ணில் நிறுத்துகிறேனோ அதில் அவளும் நிறுத்துவாள். முந்தின நாளைவிட ஒன்று குறைந்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. மூச்சு வரைக்கும் ஏறாமல் நோய் நின்றது. விலை கூடிய ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். காப்பீட்டு அட்டை பாதியைத் தாங்கியது, மீதியை நித்யா பார்த்துக்கொண்டாள். எப்படி என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

உயிர் தப்பியது. ஆனால் கையில் பழைய வலு இல்லை, இடுப்புக்குக் கீழே எதுவும் நான் சொன்னபடி கேட்கவில்லை. "நரம்பு மெதுவாத்தான் வளரும். பயிற்சியை விட்டுட்டா நடக்க மாட்டீங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். ஓரிக்கைப் பக்கம் ஒரு மறுவாழ்வு மையம் இருக்கிறது. பெயர் வேண்டாம். அங்கேயே தங்கி, காலையும் மாலையும் பயிற்சி. சேரும்போது மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் "எந்த வகை மாற்றுத்திறனாளிங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"எனக்கு ஜுரம் வந்துது, அவ்ளோதான்" என்றேன். கற்பகம் என் தோளைத் தொட்டாள். அந்தப் பெண் தலையாட்டிவிட்டு எதையோ எழுதிக்கொண்டாள்.

என் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு பெரிய பலகை. படுத்தபடியே படிக்கலாம். தொடுவதற்கு முன் சொல்ல வேண்டும், தூக்குவதற்கு முன் கேட்க வேண்டும், குளிக்கும்போதும் கழிக்கும்போதும் திரை போட வேண்டும், ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி மரியாதையாக அழைக்க வேண்டும் என்று ஊழியர்களுக்கு எழுதியிருந்தது. அதற்குக் கீழே நமக்கு. குறை இருந்தால் பொறுப்பாளரிடம் வாயாலேயே சொல்லலாம், எழுத முடியாதவருக்கு எழுதிக் கொடுப்பார்கள், துணைக்கு நம் ஆளை வைத்துக்கொள்ளலாம், புகார் சொன்னதற்காக யாருக்கும் கவனிப்பைக் குறைக்கக் கூடாது. இங்கே கேட்காவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போகலாம், கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்கும் போகலாம். பொழுது போகாமல் இதையே படித்துப் படித்து எனக்கு மனப்பாடமாகிவிட்டது. காலண்டரில் இருக்கும் சாமி படத்தைப் பார்க்கிற மாதிரிதான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வார்டைப் பார்த்துக்கொண்டவன் சேகர். முப்பது வயது இருக்கும். காதில் எப்போதும் ஒயர். கெட்டவன் என்று சொல்ல மனம் வரவில்லை, ஆனால் எங்களை அவன் பார்த்த விதம் வேறு. நான் அவனுக்குப் 'பெருசு'. பக்கத்துக் கட்டில் தேவராஜ் 'மரம்'. முசரவாக்கத்து விவசாயி அவர், தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனவர், அதனால் அந்தப் பெயர். சேகர் ஒன்றும் சொல்லாமல் பின்னாலிருந்து வருவான். அக்குளுக்குள் ரெண்டு கையையும் கொடுத்து ஒரே தூக்கு. நான் இன்னும் கட்டிலில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பேன், அதற்குள் நாற்காலியில் இருப்பேன். ஒவ்வொரு முறையும் விழுந்துவிட்டோம் என்றே நெஞ்சு துள்ளும்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். தேவராஜைப் பயிற்சி அறைக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். கற்பகம் வீட்டுக்குப் போயிருந்தாள். சேகர் என் லுங்கியை உருவிக் கட்டில் மேல் போட்டுவிட்டு, அடியில் வாளி வைத்த சக்கர நாற்காலியில் என்னை உட்கார வைத்தான். நடுவில் ஓட்டை வைத்த கக்கூஸ் நாற்காலி அது. திரை, கம்பியில் பாதியில் சிக்கி நின்றது. ஒருமுறை இழுத்துப் பார்த்தான், வரவில்லை. "யாரும் வர மாட்டாங்க பெருசு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான்.

நாற்காலி வாசலைப் பார்த்து இருந்தது. சக்கரத்தைத் திருப்பிக்கொள்ளக் கையில் அப்போது வலுவில்லை. கட்டிலில் கிடந்த லுங்கி எட்டவில்லை. கையால் மறைக்கலாம் என்றால் கையை எடுத்தால் சாய்ந்துவிடுவேன். அப்படியே உட்கார்ந்திருந்தேன். உடம்பு அதன் வேலையைச் சத்தத்தோடு செய்துகொண்டிருந்தது.

அப்போதுதான் நித்யா டிபன் கேரியரோடு வாசலில் வந்து நின்றாள்.

வயதுக்கு வந்த மகள். அவள் பெரியவளான நாளிலிருந்து அவள் முன்னால் நான் சட்டை போடாமல்கூட உட்கார்ந்ததில்லை. வேகாத வெயிலிலும் தோளில் ஒரு துண்டாவது கிடக்கும். அவள் பார்த்தாள். நான் பார்த்ததையும் பார்த்தாள். கேரியரைக் கீழே வைக்கவும் தெரியாமல், திரும்பவும் தெரியாமல் அப்படியே நின்றாள்.

"இன்னாடி வேடிக்க? போ வெளிய! நீ எதையும் பாக்கல, தெரிஞ்சுதா? எதையும் பாக்கல!"

நான் போட்ட சத்தத்தில் அடுத்த வார்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் மறைக்க நினைத்ததை நானே ஊருக்குக் காட்டினேன். நித்யா போய்விட்டாள். சேகர் உதட்டைத் துடைத்துக்கொண்டு வந்து, "இன்னா பெருசு, ஒரே சவுண்டா கீது?" என்று கேட்டான். நான் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோபத்துக்குப் பேர்போன நான், கோபப்பட வேண்டிய ஆள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்போது வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவனைப் பகைத்துக்கொண்டால் என்னை யார் கழுவிவிடுவார்கள்? அவன் கழுவி முடித்ததும் "தேங்க்ஸ்பா" என்றுகூடச் சொன்னேன். இதை எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது.

அன்றிலிருந்து நித்யா வரவில்லை. அம்மாவிடம் கொடுத்து அனுப்பினாள். வேலை அதிகமாம் என்றாள் கற்பகம். நான் தலையாட்டினேன்.

அப்புறம் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். தண்ணீர் குடிக்காவிட்டால் நாற்காலி தேவைப்படாது அல்லவா? கற்பகம் மோர் கரைத்துக் கொண்டுவந்து தலைமாட்டில் வைப்பாள். அவள் அந்தப் பக்கம் போனதும் கட்டிலுக்கு அடியில் இருந்த வாளியில் ஊற்றிவிடுவேன். மாத்திரைக்கு மட்டும் ஒரு வாய். சாப்பாட்டையும் குறைத்தேன். நாளைக்கு ஒரே ஒரு முறை நாற்காலியில் உட்கார்ந்தால் போதும் என்று ஆனபோது ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

உடம்பு கணக்குத் தீர்க்க அதிக நாள் எடுக்கவில்லை. ஒரு மதியம் பல் கிட்டும் அளவுக்குக் குளிர் எடுத்தது, பின்னாலேயே ஜுரம் அனலாக அடித்தது. மறுபடியும் ஆம்புலன்ஸ், மறுபடியும் ஆஸ்பத்திரி. சிறுநீரில் கிருமி சேர்ந்து கிட்னி வரைக்கும் ஏறிவிட்டது என்றார்கள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள், ஒரு குழாயைப் போட்டுப் பையைத் தொங்கவிட்டார்கள். அந்தப் பை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரிக் கட்டிலில் தொங்கியது. நான் போர்வையால் மூடுவேன், நர்ஸ் போர்வையை எடுத்துவிட்டு அளவு பார்ப்பார்.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் பையைப் பார்த்துவிட்டுக் கற்பகத்திடம் பாய்ந்தார்.

"ஏம்மா, கூட இருந்து இன்னா பண்றீங்க? ஒரு மனுஷனுக்குத் தண்ணிகூடக் குடுக்க மாட்டீங்களா? இன்னொரு தடவை இப்படி வந்தா கிட்னி தாங்காது, சொல்லிட்டேன்."

"இனிமே குடுக்கறேன் டாக்டர்" என்றாள் கற்பகம்.

அவ்வளவுதான் சொன்னாள். வார்டில் இருந்த எல்லாப் பெண்களும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன். டாக்டர் போனதும் அவள் என் வாயைத் துடைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"மோரை நீங்க வாளியில கொட்டறது எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா டாக்டர்கிட்ட சொல்ல வேண்டிதானே?"

"ஏன் கொட்டறாருன்னு கேப்பாரு. அதை நீங்க எனக்கே சொல்லலியே, நான் இன்னான்னு சொல்றது?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னை அழவைத்தது அன்றைக்குத்தான். நாற்காலியைப் பற்றி, திரையைப் பற்றி, சேகரைப் பற்றிச் சொன்னேன். நித்யா வந்து நின்றதை மட்டும் சொல்லவில்லை, அதற்கு நாக்கு எழவில்லை. கற்பகம் கேட்டுவிட்டுப் புடவை முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஊட்டுக்கே போயிடலாமா?" என்று கேட்டாள்.

போகலாம். ஆனால் வீட்டுக்குப் போனால் பயிற்சி இல்லை, பயிற்சி இல்லாவிட்டால் நடை இல்லை. மையத்துக்குத் திரும்பினால் தண்ணீர் குடிக்க முடியாது, குடிக்காவிட்டால் கிட்னி இல்லை. மிச்சம் இருந்தது அந்தச் சுவர்ப் பலகை ஒன்றுதான்.

திரும்பி வந்ததும் தேவராஜிடம் மெல்லக் கேட்டேன், இங்கே யாராவது புகார் சொல்லியிருக்கிறார்களா என்று.

"நானே சொல்லிக்கீறேண்ணா" என்றார் அவர். "சமையல் ஆளு என்னை நொண்டின்னு கூப்ட்டான். மேடத்துகிட்ட சொன்னேன்."

"அப்புறம்? சோத்துல கை வச்சானா?"

"அதே சோறுதான். கொஞ்சம் சூடா வந்துது, அவ்ளோதான் வித்தியாசம்."

சிரித்துவிட்டேன். சிரித்த தைரியத்தில் பொறுப்பாளர் மேடத்தைக் கூப்பிடச் சொன்னேன். கண்ணாடி போட்ட, அதிராமல் பேசுகிற அம்மா. திரை போடுவதில்லை, கேட்காமல் தூக்குகிறார், பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்று மூன்றையும் கடகடவென்று ஒப்பித்தேன். பலகையைப் பார்த்துத்தான் ஒப்பித்தேன். அவர் எழுதி, எனக்குப் படித்துக் காட்டினார்.

"பொதுவா சொன்னா அவரும் பொதுவா இல்லைன்னுடுவார். ஒரு நாள் நடந்ததைச் சொல்லுங்க. யாராவது பாத்தாங்களா?"

"என் மக" என்று வாயில் வந்துவிட்டது.

கற்பகம் சட்டென்று என்னைப் பார்த்தாள். மகளுக்கு ஏன் திடீரென்று வேலை அதிகமானது என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. ரெண்டு நாளில் எல்லோரையும் வைத்து விசாரிப்பதாக மேடம் சொன்னார். இஷ்டமில்லாவிட்டால் மகள் வர வேண்டாம், யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள் என்றும் சொன்னார். கற்பகம் போன் போட்டாள். நித்யா லீவு போட்டுவிட்டு வந்தாள்.

மேடத்தின் அறை சின்னது. சேகர் கதவோரம் நின்றான், அன்றைக்குக் காதில் ஒயர் இல்லை. என் சக்கர நாற்காலிக்கு ஒரு பக்கம் கற்பகம், எதிரே நித்யா. வந்ததிலிருந்து அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும்தான். என் புகாரை மேடம் படித்தார். அந்தச் சம்பவம் பற்றி, 'ஒரு ஞாயிறு மதியம் திரை போடாமல் விட்டுச் சென்றார்' என்று மட்டும்தான் நான் சொல்லியிருந்தேன்.

"போட்டுட்டுதாங்க மேடம் போனேன்" என்றான் சேகர். "ஐயா கோவக்காரரு. எல்லார் மேலயும் எரிஞ்சு உழுவாரு. அன்னைக்கி சொந்தப் பொண்ணையே அந்தக் கத்து கத்தனாரு, எல்லாருக்கும் தெரியும்."

அதில் பாதி உண்மை என்பதுதான் கொடுமை.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார் மேடம் நித்யாவிடம். "அன்னைக்கு வந்தப்ப என்ன பாத்தீங்க?"

நித்யா துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள்.

"நான் எதையும் பாக்கலைங்க மேடம்."

"ஏய், இன்னாடி..." என்று ஆரம்பித்த கற்பகம் நிறுத்திக்கொண்டாள். சேகர் நிம்மதியாக மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது. முதலில் எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டுக் காலை வாருகிறாளே என்று. அதற்கப்புறம்தான் அவள் சொன்ன வார்த்தை எங்கிருந்து வந்தது என்று உறைத்தது. நான் கொடுத்த வார்த்தை அது. எதையும் பாக்கல. அன்றைக்கு ஊர் கேட்கக் கத்திச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே திருப்பிச் சொல்கிறாள். 'பார்த்தேன்' என்று அவள் சொன்னால் இத்தனை பேர் நடுவில் அப்பாவை மறுபடியும் துணியில்லாமல் உட்கார வைத்த மாதிரி. அதைவிடப் பொய் மேல் என்று நினைத்திருக்கிறாள். என் மானத்தைக் காப்பாற்ற என் மகள் பொய்க்காரியாகி நிற்கிறாள்.

"அவ பாத்தா மேடம்" என்றேன்.

நித்யா நிமிர்ந்தாள். "அப்பா, வேணாம்பா."

"நான்தான் பாக்கலன்னு சொல்லச் சொன்னேன். அவ மேல தப்பு இல்ல. எழுதிக்குங்க." குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "என் இடுப்புக்குக் கீழ ஒரு துணி இல்ல. அந்த ஓட்டை நாற்காலியில வாசப்பக்கம் பாத்து உக்கார வச்சுட்டு இவரு டீ குடிக்கப் போனாரு. நான் வெளிக்கிப் போய்க்கினு இருந்தேன். என் மக சோறு எடுத்துக்கினு வந்தா. பாத்துட்டா. நான் இவரைத் திட்டல, அவளைத் திட்டனேன். இவரைத் திட்டனா என்னைக் கழுவ ஆளில்லாம போயிடும்னு பயம். அன்னையிலேர்ந்து நான் தண்ணி குடிக்கல. ஜுரம் வந்ததுக்கு அதான் காரணம். என் சம்சாரம் தண்ணி குடுக்கலன்னு டாக்டர் திட்டனாரு. அவ குடுத்தா. நான்தான் கொட்டனேன்."

மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டிருந்தார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"நாங்க கோயில்ல சாமியத் தூக்கறப்பகூட ஆச்சான்னு கேட்டுத்தான் மேடம் தூக்குவோம். சாமி பதில் சொல்றதில்ல, எங்களுக்குள்ளயே கேட்டுக்குவோம். நான் பதில் சொல்ற ஆளு மேடம். என்னை ஒரு வார்த்த கேக்கலாமில்ல?"

சேகர் தரையைப் பார்த்தபடி, "ஒருத்தனா அத்தினி பேரைப் பாக்கறேன் மேடம், எங்கன்னு ஓடறது" என்றான். அவன் குரல் உடைந்திருந்தது. அதையும் எழுதிக்கொண்டார் மேடம். அப்புறம் அவன் என் பக்கம் திரும்பி "மன்னிச்சுக்குங்க" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். நானும் சுவரைப் பார்த்தே தலையாட்டினேன். மனசார சொன்னானா என்று இன்றைக்கும் தெரியாது. அந்த நிமிஷம் அவனுக்காகவும் எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

அவனை வேலையை விட்டு அனுப்பவில்லை, நானும் அதைக் கேட்கவில்லை. வேறு வார்டுக்கு மாற்றினார்கள். ஒருவரைத் தூக்க ரெண்டு பேர் என்று ஆனது. சிக்கிய திரைக் கம்பியை நான் புகார் சொன்ன அன்று மாலையே கழற்றிப் புதிதாகப் போட்டிருந்தார்கள். என்ன செய்தார்கள் என்பதை எழுதியும் கொடுத்தார்கள், திருப்தி இல்லாவிட்டால் மேலே எங்கே போவது என்பதோடு சேர்த்து. நான் போகவில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

இப்போது வாக்கர் பிடித்து வாசல் வரை நடக்கிறேன். தறிக்குழியில் இறங்க இன்னும் கால் வரவில்லை. அன்றைக்குக் குடித்துவிட்டு வந்தேன் என்று சொன்னவர் ஒரு கிலோ ஆப்பிளோடு வந்து பார்த்துவிட்டுப் போனார். ஒன்றும் பேசவில்லை, ஆப்பிள் நன்றாக இருந்தது. சீனிவாசனுக்கு நான் சொல்வது இதுதான். தம்பியைச் சேர்த்துவிடு, பயிற்சி நன்றாகவே கொடுக்கிறார்கள். சேர்க்கிற அன்றைக்கே திரையை ஒருமுறை முழுக்க இழுத்துப் பார். தம்பி தண்ணீர் குடிக்கிறானா என்று பார். குடிக்கவில்லை என்றால் அவனைத் திட்டாதே, ஏன் என்று கேள். பொறுப்பாளரிடம் போய்ச் சொல்லும்போது நானும் கூட வருகிறேன்.

விசாரணை அன்றைக்கு நடந்த இன்னொன்று பாக்கி. நித்யா இதைப் படிப்பாள், எழுத்துப்பிழை திருத்துவதே அவள்தான். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

மேடத்தின் அறையிலிருந்து அவள்தான் என்னைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வார்டு வாசலில், அவள் அன்றைக்கு நின்ற அதே இடத்தில், கேட்டேன்.

"ஏம்மா பாக்கலன்னு சொன்ன?"

"நீதானேப்பா சொன்ன."

கற்பகம் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். முழுச் சொம்பையும் அவர்கள் கண் முன்னாலேயே குடித்தேன். எத்தனையோ நாள் தாகம். ஆனால் தண்ணீர் குடித்தால் அடுத்தது என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. கொஞ்ச நேரத்தில் நெளிய ஆரம்பித்தேன். புது ஆட்கள் இன்னும் வரவில்லை. கற்பகம் என்னைப் பார்த்தாள், பிறகு நித்யாவைப் பார்த்தாள். தூக்க ரெண்டு பேர் வேண்டும்.

"நான் வர்றேன்" என்றாள் நித்யா.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் போய்த் திரையைக் கோடி வரை இழுத்து, இடைவெளி இருக்கிறதா என்று குனிந்தும் பார்த்துவிட்டு வந்தாள். லுங்கிக்கு மேலே ஒரு போர்வையைச் சுற்றினாள். கற்பகம் வலது பக்கம் நின்றாள், இவள் இடது பக்கம் வந்து என் கைக்குக் கீழே தோளைக் கொடுத்தாள். சின்ன வயதில் புறப்பாட்டுக்கு முன்னால் பலூனைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள், நான் தண்டுக்குக் கீழே நிற்பதைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள்.

என் முகம் தீயாக எரிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். அவள் தூக்கவில்லை, நின்றாள்.

"ஆச்சாப்பா?"

அவள் காத்திருந்தாள். நான் சொல்லும்வரை தூக்கமாட்டாள் என்று தெரிந்தது.

"ஆச்சும்மா" என்றேன்.